புது மின்சார பைக்: ஷோரூமில் விலை பேசுவது எப்படி?

பெட்ரோல் பைக் வாங்கிப் பழகியவர்கள் மின்சார பைக் ஷோரூமிலும் பழைய கேள்வியையே கேட்பார்கள். "எவ்வளவு குறைப்பீங்க?" நானும் முதல் தடவை அதைத்தான் கேட்டேன். விற்பனையாளர் கால்குலேட்டரைத் தட்டி, மேனேஜர் அறைக்குப் போய் வந்து, ஒரு சின்னத் தொகையைக் குறைத்தார். எனக்குப் பரம திருப்தி. பில் வந்தபோது பார்த்தால் ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சசரீஸ் பேக்கேஜ், பெயின்ட் பாதுகாப்பு என்று மூன்று புது வரிகள். குறைத்ததைவிட அதிகமாகவே அந்த மூன்றில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வண்டியோடு வந்த சார்ஜர் மெதுவானது, வேகமானதற்குத் தனியாகக் காசு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். முதல்முறை வாங்கப் போகிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். டீலர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வண்டிகளை அடுக்கி வைக்கிறார்கள். வண்டி விற்கும்வரை அந்தக் கடனுக்கு வட்டி ஓடும். இது எல்லா வண்டிக்கும் பொது. மின்சார பைக்கில் இன்னும் இரண்டு விஷயம் சேர்ந்துகொள்கிறது. பெட்ரோல் பைக் விற்றால் ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வ் செட்டிங் என்று வருஷக்கணக்கில் சர்வீஸ் வருமானம் வந்துகொண்டிருக்கும். மின்சார பைக்கில் டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில், பெல்ட் அல்லது செயின், அவ்வளவுதான். ஆகவே டீலர் தன் லாபத்தை விற்பனை நடக்கும் அன்றே எடுத்துவிடப் பார்ப்பார். ஆக்சசரீஸ், இன்சூரன்ஸ் கமிஷன், கடன் கமிஷன், நீட்டிப்பு வாரண்டி ஆகியவற்றில்தான் அந்த லாபம் இருக்கும். நீங்கள் பேரம் பேச வேண்டிய இடமும் அதுதான்.

இன்னொரு விஷயம், நிற்கிற மின்சார பைக் பெட்ரோல் பைக்கைவிட வேகமாகப் பழசாகிறது. ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்கு வயதாகிறது. அடுத்த மாடல் கூடுதல் தூரத்தோடு வந்துவிடுகிறது. விலையும் இறங்குகிறது. ஹார்லி டேவிட்சன் 2019-இல் கொண்டுவந்த லைவ்வயர் பைக், 2021-இல் லைவ்வயர் ஒன் என்ற பெயரில் மறுபடி வந்தபோது விலை நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பழைய விலை ஸ்டிக்கரோடு அன்று ஷோரூமில் நின்ற வண்டிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்? அந்த நெருக்கடி டீலருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்தால் பேச்சின் போக்கே மாறும்.

போகும் முன்

ஒருவாரம் ஒதுக்குங்கள். முதலில் உங்களுக்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். அது தெரியாமல் போனால், தேவையில்லாத பெரிய பேட்டரியை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் போதாத சின்னதை வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

விளம்பரத்தில் உள்ள தூரம் பெரும்பாலும் நகர ஓட்டத்துக்கானது. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் நல்ல மைலேஜ் தரும். மின்சார பைக்கில் அது தலைகீழ். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு பேட்டரியைக் குடித்துவிடும். அமெரிக்காவின் ஜீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எஸ்ஆர்/எஃப் பைக்குக்கு அந்த நிறுவனமே சொன்ன கணக்கு, நகரத்தில் சுமார் 259 கிலோமீட்டர், மணிக்கு 113 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் சுமார் 132. பாதிதான். உங்கள் ஓட்டம் எந்த வகை என்று பார்த்து, அதற்குரிய எண்ணை மட்டும் வைத்து மாடல்களை ஒப்பிடுங்கள்.

பேட்டரி அளவிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று கிலோவாட் மணியில் சொல்லும் எண்ணை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. மேலே சொன்ன அதே ஜீரோ வண்டியின் பேட்டரிக்கு உச்ச அளவு 14.4 என்றும், சாதாரண அளவு 12.6 என்றும் இரண்டு எண்கள் உண்டு. ஒரு ஷோரூமில் உச்ச அளவையும் இன்னொன்றில் சாதாரண அளவையும் கேட்டுவிட்டு "இது பெரிசு, அது சிறிசு" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே வகை எண்ணைக் கேளுங்கள். பிறகு மொத்த விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோவாட் மணிக்கு என்ன விலை தருகிறீர்கள் என்பது தெரிந்துவிடும். பேரம் பேசும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ள நல்ல எண் அது.

அப்புறம் அரசு மானியம், வரிச்சலுகை. இது இடத்துக்கு இடம், வருஷத்துக்கு வருஷம் மாறும். ஷோரூம் சொல்வதை மட்டும் நம்பாமல் அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். மூன்று கேள்விக்கு விடை வேண்டும். நீங்கள் பார்க்கும் மாடலுக்கு மானியம் உண்டா? எந்தத் தேதிவரை? பணம் உங்கள் கைக்கு வருமா, அல்லது டீலர் விலையில் கழித்துவிட்டு அவர் வாங்கிக்கொள்வாரா? மூன்றாவது கேள்வி முக்கியம். எல்லாருக்கும் கிடைக்கிற மானியத்தையே "உங்களுக்காக ஸ்பெஷல் தள்ளுபடி" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். மானியம் அரசு தருவது. டீலர் தரும் தள்ளுபடி அதற்கு மேல் வர வேண்டும்.

கடன் வாங்குவதாக இருந்தால், ஷோரூமுக்குப் போகும் முன்பே உங்கள் வங்கியில் வட்டி விகிதம் கேட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸுக்கும் வெளியில் ஒரு விலை வாங்குங்கள். அரைமணி நேர வேலை. நான் இரண்டாவது தடவை மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு இந்த இரண்டு தாள்களால் வந்தது. பேச்சுத் திறமைக்கு அதில் பெரிய பங்கில்லை.

கடைசியாக, குறைந்தது மூன்று டீலர்களிடம் ஒரே மாடலுக்கு எழுத்தில் கொட்டேஷன் கேளுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். "வரிகள், பதிவு, எல்லாக் கட்டணமும் சேர்த்து, வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகக் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு? ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் காட்டுங்கள்" என்று எழுதினால் போதும். சிலர் "நேரில் வாங்க சார், பேசிக்கலாம்" என்று மட்டும் பதில் போடுவார்கள். அவர்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாக விற்கும் சில நிறுவனங்களில் எங்கு போனாலும் ஒரே விலைதான். அங்கே வண்டி விலையைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். சார்ஜர், வாரண்டி, டெலிவரித் தேதி, டெமோ வண்டி ஆகியவற்றில் கேட்டுப் பார்க்கலாம்.

எந்த வண்டி, எத்தனை நாளாக நிற்கிறது?

ஷோரூமில் முதல் அரைமணி நேரம் விலையைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். வண்டியைப் பாருங்கள், ஓட்டுங்கள். டெஸ்ட் ரைடு இல்லாமல் மின்சார பைக் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. ஆக்சிலேட்டரை முறுக்கியதும் பாயும் விதமும், விட்டதும் மோட்டாரே பிரேக் போல இழுத்துப் பிடிக்கும் விதமும் மாடலுக்கு மாடல் வேறு. சிலருக்கு அது பிடிப்பதே இல்லை. அதைக் காசு கட்டிய பிறகு கண்டுபிடிப்பதில் பிரயோஜனமில்லை.

ஓட்டிவிட்டு வந்த பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேளுங்கள். "எனக்குத் தரப்போகிற வண்டி எது? அதைப் பார்க்கலாமா?" கண்காட்சிக்கு நிற்பதும் உங்களுக்கு வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

அந்த வண்டியின் வயதைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3223 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். வண்டி அதற்கு முன் செய்ததாக இருக்க வாய்ப்பில்லை. பெரும்பாலும் சில மாதங்கள் பின்னால் இருக்கும். பல நாடுகளில் 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணின் 10-ஆவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும். ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரிப்பு மாதமே அச்சிட்டிருந்தால் இன்னும் சுலபம்.

எட்டு மாதம், பத்து மாதம் நின்ற வண்டி என்று தெரிந்தால் உடனே பயந்து ஓட வேண்டாம். குறைந்த விலைக்கு வாங்கக் கூடிய வண்டி பல சமயம் அதுதான். ஆனால் சில கேள்விகள் உண்டு. திரையைப் போடச் சொல்லிச் சார்ஜ் எவ்வளவு என்று பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு நீண்ட நாள் காலியாகக் கிடப்பதும் ஆகாது, முழுதாக நிரம்பிய நிலையிலேயே வெப்பத்தில் கிடப்பதும் ஆகாது. இடைப்பட்ட அளவில் வைத்துப் பராமரித்திருந்தால் நல்ல கடை. திரையே எரியவில்லை என்றால், விளக்குக்கும் மின்னணுவுக்கும் உள்ள சின்ன 12 வோல்ட் பேட்டரி செத்துக் கிடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். பெரிய பேட்டரியையும் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு அது அறிகுறி. சர்வீஸ் ஆளிடம் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கை எடுத்துத் தரச் சொல்லுங்கள். டீலரின் கணினியை வண்டியில் மாட்டினால் அது வந்துவிடும். தர மறுத்தால் வேறு வண்டி கேளுங்கள்.

டெமோ வண்டிகளையும் ஒதுக்காதீர்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய டெமோ மின்சார பைக்கில் தேய்மானம் என்று பெரிதாக எதுவும் இருக்காது; ரன்னிங் இன், அதாவது புது இன்ஜினை முதலில் மெதுவாக ஓட்டிப் பழக்குவதைச் சரியாகச் செய்தார்களா என்ற பெட்ரோல் இன்ஜின் கவலையும் இல்லை. டயரும் பிரேக் பேடும் பாருங்கள், விழுந்த தழும்பு இருக்கிறதா என்று கைப்பிடி முனையையும் கால்வைக்கும் கம்பியையும் பாருங்கள். அதில் நல்ல தள்ளுபடி கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது? டெமோவாகப் பதிவு செய்த அன்றே தொடங்கியிருந்தால், உங்களுக்கு ஒரு வருஷம் ஏற்கெனவே போயிருக்கலாம். போன மாதங்களுக்கு ஈடாக விலை குறைய வேண்டும், அல்லது நீட்டிப்பு வாரண்டி இலவசமாக வர வேண்டும்.

மிக மலிவாக ஒரு வண்டி கிடைத்தால் நிறுவனத்தின் நிலைமையையும் பாருங்கள். அமெரிக்காவின் ஆல்டா மோட்டார்ஸ் 2018 அக்டோபரில் மூடப்பட்டது. இத்தாலியின் எனர்ஜிகா 2024 அக்டோபரில் கலைப்புக்குப் போனது. இரண்டுமே நல்ல வண்டி செய்தவை. நிறுவனம் போனால் வாரண்டி காகிதம்தான் மிச்சம். பேட்டரியோ, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரோ போனால் பெட்ரோல் வண்டிக்குத் தேடுவது போல வெளி மெக்கானிக்கிடம் பாகம் தேட முடியாது. தெரிந்தே அந்த ரிஸ்க்கை எடுக்கிறீர்கள் என்றால் சரி, ஆனால் அதற்கேற்ற விலைக்கு எடுங்கள்.

விலைப் பேச்சு

இப்போது மேசைக்கு வருவோம். விற்பனையாளர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்:

"சார், மாசம் எவ்வளவு கட்டலாம்னு நினைக்கிறீங்க?"

பதில் சொல்லாதீர்கள். "தவணையை அப்புறம் பேசலாம். முதல்ல மொத்த விலை சொல்லுங்க" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டு பேசினால், வருஷத்தை நீட்டி எந்த விலையையும் உங்கள் எண்ணுக்குள் அடக்கிவிடலாம். கடன் தொகையை 100 என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டியில் 36 மாதம் கட்டினால் மாதம் 3.32, மொத்தம் சுமார் 120. அதையே 60 மாதமாக்கினால் மாதம் 2.22 என்று இனிப்பாகத் தெரியும்; மொத்தம் 133-ஐத் தாண்டும். வண்டி அதே வண்டிதான்.

வட்டி விகிதத்திலும் ஒரு கண் வையுங்கள். "ஃப்ளாட் 12 சதவீதம்" என்றால், நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம்வரை முழு அசலுக்கும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். மூன்று வருஷக் கடனில் அது, மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் இருப்பு முறையில் ஏறக்குறைய 21 சதவீதத்துக்குச் சமம். உங்கள் வங்கி 13 சதவீதம் என்று சொல்லியிருந்தால் வங்கிதான் மலிவு. "எந்த முறை?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆக, பேச வேண்டியது ஒரே எண்ணை. ஆன்ரோடு விலை, அதாவது எல்லாம் சேர்த்து நீங்கள் கட்டும் கடைசித் தொகை. வண்டி விலையில் ஒரு தள்ளுபடி, ஆக்சசரீஸில் இன்னொன்று, எக்ஸ்சேஞ்சில் போனஸ் என்று பேச்சைப் பிரித்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு, "அப்போ மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேளுங்கள். நாலு தடவை கேட்டால் அவரும் அந்த எண்ணிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்.

பிறகு கொட்டேஷனை வரிவரியாகப் பாருங்கள். வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவது. அதில் பேரம் இல்லை. உள்ளபடியே ரசீதோடு இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள். வண்டியைக் கொண்டுவந்த செலவு, பூட்டித் தயார் செய்த செலவு என்று சில இடங்களில் உண்மையாகவே செலவு இருக்கும். ஆனால் ஹேண்ட்லிங், டாக்குமென்ட் கட்டணம், பாதுகாப்புப் பூச்சு, கட்டாய ஆக்சசரீஸ், அவசர உதவித் திட்டம் போன்றவற்றில் பேனாவை வைத்து "இது என்ன வேலைக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கோபப்பட வேண்டாம். ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி கேட்டால் போதும். விளக்க முடியாத வரியை அவர்களே அடித்துவிடுவார்கள். அடிக்க மறுத்தால், அதே தொகையை வண்டி விலையில் குறைக்கச் சொல்லுங்கள். எங்கே குறைந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான்.

எண்ணை யார் முதலில் சொல்வது என்று பலருக்குக் குழப்பம். என் அனுபவத்தில், மற்ற இரண்டு டீலர்களின் கொட்டேஷன் கையில் இருந்தால் நீங்களே முதலில் சொல்லிவிடலாம். குறைந்த கொட்டேஷனைவிடக் கொஞ்சம் கீழே ஒரு எண். அதற்கு ஒரு காரணமும் வேண்டும். "இந்த வண்டி பத்து மாசமா நிக்குது, அடுத்த மாடல் வந்தாச்சு, பக்கத்து டீலர் இந்த விலைக்குத் தர்றேன்னு எழுதிக் குடுத்திருக்கார். இன்னிக்கே கையெழுத்துப் போடறேன், இந்த எண்ணுக்கு முடிச்சுக் குடுங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இதுதான் கஷ்டம். பத்து நொடி அமைதி வந்ததும் நாமே பொறுக்க மாட்டாமல் "இல்லேன்னா கொஞ்சம் கூடக் கூட..." என்று இறங்கிவிடுவோம். நான் அப்படி வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறேன். தண்ணீர் குடியுங்கள், போனைப் பாருங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். பேச மட்டும் வேண்டாம்.

மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து போவது நாடகம் என்று சிலர் எரிச்சல்படுவார்கள். பாதி நாடகம்தான், ஆனால் பல இடங்களில் விற்பனையாளருக்கு ஒரு அளவுக்கு மேல் குறைக்க உண்மையிலேயே அதிகாரம் இருக்காது. ஆகவே பெரிய எண் கேட்பதாக இருந்தால் மேனேஜரையும் மேசைக்கு அழைத்துவிடுவது நல்லது. மரியாதையாகப் பேசுங்கள். நாளைக்கு வண்டியில் மென்பொருள் சிக்கல் வந்தால் இதே ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, மாடல் ஆண்டு மாறும் நேரம் ஆகியவற்றில் விற்பனை இலக்கு நெருக்குவதால் இளக்கம் அதிகம். மானியம் முடியப்போகும் கடைசி வாரம் அப்படியல்ல. அப்போது கடையில் கூட்டம் முண்டியடிக்கும். விலை பேச யாருக்கும் நேரம் இருக்காது.

குறைக்கவே முடியாது என்றால்

புதிதாக வந்த, காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடலில் ஒரு காசுகூடக் குறையாது. அங்கேதான் மின்சார பைக்குக்கே உரிய பேரம் தொடங்குகிறது.

முதலாவது சார்ஜர். வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜரின் திறன் எவ்வளவு கிலோவாட் என்று கேளுங்கள். பேட்டரி அளவை அதனால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். 12 கிலோவாட் மணி பேட்டரியும் 3 கிலோவாட் சார்ஜரும் என்றால் நாலு மணி நேரம். கடைசிப் பகுதி மெதுவாக ஏறும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். "ஃபாஸ்ட் சார்ஜிங் உண்டு" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். லைவ்வயர் ஒன் பொது இடத்திலுள்ள டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் (பேட்டரிக்கு நேர்மின்சாரமாகவே தரும் வேக சார்ஜர்) ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதையே வீட்டு ப்ளக்கில் செருகினால் ஒரு இரவு பிடிக்கும். சில ஜீரோ மாடல்களில் தலைகீழ் நிலைமை, டிசி சார்ஜிங்கே கிடையாது, ஆனால் கூடுதல் சார்ஜர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். உங்கள் வழக்கமான வழியில் என்ன வகை சார்ஜர் இருக்கிறதோ அதற்குரிய கேபிளும் இணைப்பியும் வண்டியோடு வருகின்றனவா? வராவிட்டால், விலையைக் குறைக்காத டீலரிடம் கேட்க வேண்டிய முதல் பொருள் அது. வீட்டில் சார்ஜர் மாட்டும் செலவையும் கேட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அது முழு விலை, அவருக்கு அடக்க விலை. அதனால் பணமாகக் குறைப்பதைவிட இதைத் தர அவருக்கு மனம் வரும்.

இரண்டாவது, மென்பொருளில் பூட்டி வைத்த வசதிகள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் திறனைக் காசு கட்டினால்தான் திறந்துவிடுவார்கள். ஜீரோ நிறுவனம் சைஃபர் ஸ்டோர் என்ற பெயரில் கூடுதல் தூரம், வேகமான சார்ஜிங் போன்றவற்றை இப்படி விற்றிருக்கிறது. நீங்கள் ஓட்டிப் பார்த்த டெமோ வண்டியில் எல்லாம் திறந்திருக்கலாம். உங்களுக்கு வருவதில் பாதி பூட்டியிருக்கலாம். "நான் ஓட்டின வண்டியில இருந்த எல்லாம் இதுல இருக்குமா? செயலிக்கு வருஷச் சந்தா உண்டா?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருஷச் சந்தாவைச் சேர்த்துத் தரச் சொல்லலாம்.

மூன்றாவது பேட்டரி வாரண்டி. வருஷமும் கிலோமீட்டரும் எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது. 70 சதவீதம், 80 சதவீதம் என்று எண் எழுதியிருந்தால் அது பயனுள்ள வாரண்டி. எண்ணே இல்லாமல் "தயாரிப்புக் குறைபாடு மட்டும்" என்றிருந்தால், தூரம் பாதியாகக் குறைந்தாலும் "இது இயல்பான தேய்மானம்" என்று சொல்லிவிட இடம் உண்டு. நீட்டிப்பு வாரண்டியைப் பாதி விலைக்குக் கேட்பது என்றால் பேட்டரியைச் சேர்த்துக் காப்பதற்கு மட்டும் கேளுங்கள். மற்றவற்றுக்குப் பணம் தருவது வீண் என்பேன்.

ஹெல்மெட், ஜாக்கெட், கீசெயின் இதெல்லாம் கடைசியில். தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியை மாற்றுவதாக இருந்தால் அதைப் பற்றி முதலிலேயே வாயைத் திறக்காதீர்கள். புது வண்டியின் ஆன்ரோடு விலை முடிவாகித் தாளில் ஏறிய பிறகு, "என்கிட்ட ஒரு பழைய வண்டி இருக்கு, என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். முன்பே சொன்னால் இரண்டு கணக்கையும் கலந்து, பழையதற்கு அதிகம் தருவது போலக் காட்டிப் புதியதில் ஏற்றிவிடுவார்கள். வெளியில் அதற்கு என்ன விலை போகும் என்று முன்கூட்டியே இரண்டு இடத்தில் விசாரித்திருந்தால் இன்னும் நல்லது.

எண் ஒத்துவரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். முறைத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. "யோசிச்சுட்டுச் சொல்றேன், இந்த விலைக்கு முடிஞ்சா கூப்பிடுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டு வரலாம். "இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை" என்று அவர் சொல்வார். பத்து மாதமாக நிற்கும் வண்டி நாளைக்கும் அங்கேதான் நிற்கும். எனக்கு மூன்றாம் நாள் போன் வந்தது. உங்களுக்கு வராமலும் போகலாம். அப்படியானால் அவர்கள் கடைசியாகச் சொன்னதுதான் அடிமட்ட விலை என்று தெரிந்துகொண்டு மறுபடி போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அட்வான்ஸும் டெலிவரியும்

பேசி முடித்ததும் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டது எல்லாம் ஆர்டர் படிவத்தில் ஏற வேண்டும். சேசிஸ் எண், மாடல் ஆண்டு, நிறம், ஆன்ரோடு விலை, இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஒவ்வொரு பொருள், டெலிவரித் தேதி. "கேபிள்தானே சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லும் விற்பனையாளர் நல்லவராகவே இருக்கலாம். டெலிவரி அன்று அவர் வேறு கடைக்கு மாறிப் போயிருக்கவும் கூடும். அட்வான்ஸை முடிந்தவரை குறைவாகக் கட்டுங்கள். வண்டி சொன்ன தேதிக்கு வராவிட்டாலும், கடன் கிடைக்காவிட்டாலும் அட்வான்ஸ் முழுதாகத் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மானியம் கடைசி நேரத்தில் ரத்தானால் அந்த வித்தியாசம் யார் தலையில் விழும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டெலிவரி அன்று பூமாலை, போட்டோ என்று பரபரப்பாக இருக்கும். அதற்கு முன் பத்து நிமிஷம் கேளுங்கள். படிவத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, ஓடோமீட்டரில் எத்தனை, சாவி எத்தனை, மென்பொருள் புதுப்பித்திருக்கிறதா, வாரண்டி அன்றைய தேதியில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விற்பனை இலக்குக்காக வண்டியை முந்தைய மாதமே விற்றதாகக் கணக்குக் காட்டியிருந்தால் வாரண்டியும் அன்றே தொடங்கியிருக்கும். செயலியில் வண்டியை உங்கள் கணக்கோடு இணைத்து, திறந்து தருவதாகச் சொன்ன வசதிகள் திரையில் தெரிகின்றனவா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு உங்களுக்குத் தந்த அதே கேபிளை, அதே சார்ஜரை ஷோரூம் சுவரில் செருகி வண்டியில் மாட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் போதும். திரையில் சார்ஜ் ஏறுவதையும், எத்தனை கிலோவாட்டில் ஏறுகிறது என்பதையும் கண்ணால் பார்த்த பிறகு டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடுங்கள்.